ஆறடி ஒன்பது இன்ச்

ஆகஸ்ட் 18, திங்கள்

இது சைட் டைரி. நாளைக்கு யாராவது "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று சண்டைக்கு வந்தால் எடுத்துக் காட்ட ஆதாரம் வேண்டும். வேறு எதையும் இதில் எழுதப் போவதில்லை.

பெயர் நவநீதன். பி.இ. சிவில். திருப்பூரில் எட்டு மாடி அடுக்ககம் கட்டிய கம்பெனியில் சைட் இஞ்சினியர். பனியன் ஆர்டர் குறைந்ததும், ஃபிளாட்டுக்குப் பதிவு செய்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். நான்காவது மாடியோடு கட்டடம் நின்றது. நானும் நின்றுவிட்டேன். இரண்டு மாதமாகிறது. அம்மாவிடம் சொல்லவில்லை. அது சைட்டுக்குத் தொடர்பில்லாத விஷயம்.

இன்று காலை எதிர் லைன் வீட்டுக் கலாமணி அக்கா கதவைத் தட்டினார். பனியன் கம்பெனியில் டெய்லர்.

"தம்பி, நீங்க சும்மாதான இருக்கறீங்க?"

"சும்மா இல்லீங்க்கா. வேலை தேடிட்டு இருக்கேன்."

"அதத்தான் சும்மான்னேன்."

விஷயம் இதுதான். அந்த லைனில், ஒரே வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகளில், பத்துக் குடும்பம். ஓனர் இடத்தை விற்றுவிட்டார். ஜனவரி முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். கம்பெனி இப்போது வாரம் மூன்று நாள்தான் ஓடுகிறது. அந்தச் சம்பளத்துக்கு ஊரில் எங்கேயும் வாடகை கட்டாது. நல்ல காலத்தில் பத்துப் பேரும் சங்கமாகச் சேர்ந்து ஊருக்கு வெளியே ஒரு துண்டு நிலம் வாங்கி வைத்திருக்கிறார்கள். அரசாங்க வீட்டுத் திட்டத்தில் உதவி கிடைக்கும். ஆனால் அந்தத் தொகைக்கு எந்தக் காண்ட்ராக்டரும் வரமாட்டான்.

"வாரத்துல நாலு நாள் கை சும்மா கெடக்குது தம்பி. பத்து வீட்லயும் சேத்து முப்பது கை. தலைதான் ஒண்ணு வேணும்."

"சம்பளம்?"

"மூணு வேள சோறு. மிச்சம் வீடு முடிஞ்சு."

நல்ல வேலை கிடைக்கும்வரை பார்க்கிறேன் என்று சொன்னேன். இதைக் குறித்து வைக்கிறேன். நல்ல வேலை கிடைக்கும்வரை மட்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நிலம் பார்த்தாயிற்று. நீளம் 122 அடி. ஒரே வரிசையில் பத்து வீடு, நடுச்சுவர்கள் பொது. ஒவ்வொன்றும் 12 அடி அகலம், 25 அடி நீளம். இரண்டு கடைசியிலும் ஒவ்வோர் அடி விடுகிறேன். கணக்கு கச்சிதம். ஒரு விரல்கூட வீணில்லை.

பிளானைக் காட்டினேன். அஸ்திவாரத்தைப் பார்த்ததும் கலாமணி அக்காவுக்கு முகம் மாறியது.

"இவ்வளவு கம்பி எதுக்கு? மேல கோயில் கோபுரமா வைக்கப் போறோம்?"

"நாளைக்கு மாடி எடுக்கணும்னா தாங்கணும்."

"ஜனவரிக்கு கூரை வேணும்னு கேட்டா, நாளைக்கு மாடிங்கறீங்களே."

அரை மணி நேரம் சண்டை. நான் விடவில்லை. அஸ்திவாரத்தில் சமரசம் கிடையாது, வேண்டுமானால் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். வேறு ஆள் கிடையாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சீட்டுக் குலுக்கி வீட்டு எண் பிரித்தார்கள். ரோட்டோரமாக இருக்கும் முதல் வீடு, பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர் மாகாளியப்பன் அண்ணனுக்கு. கடைசி, பத்தாம் வீடு சங்கவிக்கும் அவள் அம்மாவுக்கும். அம்மாவுக்கு முழங்கால் வலி, நடக்கச் சிரமம். கடைசி வீடு வந்ததற்கு முகம் சுளிப்பாள் என்று பார்த்தேன். "சத்தம் இருக்காதும்மா, நல்லாத் தூங்கலாம்" என்றாள்.

சங்கவி செக்கிங் செக்‌ஷன். தைத்து வரும் துணியில் குறை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. வயது இருபத்துநாலு. உயரம் சுமார் ஐந்தடி மூன்று. (தேவையில்லாத விவரம். அடித்தால் பக்கம் அசிங்கமாகும், அதனால் விடுகிறேன்.)

செப்டம்பர் 7, ஞாயிறு

சிமென்ட் வேலை பற்றி எல்லோருக்கும் வகுப்பு எடுத்தேன். காங்கிரீட் காயும்போது சுருங்கும், தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்தாவிட்டால் வெடிப்பு விடும் என்று படம் போட்டு விளக்கினேன். மாகாளியப்பன் அண்ணன் மட்டும்தான் கவனமாகக் கேட்டார்.

"எத்தன பர்சென்ட்டுங்க தம்பி சுருங்கும்?"

"அதெல்லாம் சொன்னா உங்களுக்குப் புரியாதுங்ணா. சுருங்கும், அவ்வளவுதான்."

தலையாட்டினார். நல்ல மாணவர்.

செப்டம்பர் 11, வியாழன்

இன்று மார்க்கிங், நிலத்தில் அளந்து கோடு போட வேண்டும். கோவை போக வேண்டியிருந்தது. பிளானை மாகாளியப்பன் அண்ணனிடம் கொடுத்து, "அளவெடுக்கறது உங்களுக்குத் தெரியாததா, நீங்களே போட்டுருங்க" என்றேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

பார்த்தேன். சுண்ணாம்புக் கோடு நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கிறது. மூலைகள் கச்சிதமான செங்கோணம். முதல் வீட்டிலிருந்து குழி தோண்டத் தொடங்கிவிட்டார்கள். பத்தாம் வீட்டு இடத்தில் செங்கல் லோடு இறக்கியிருப்பதால் அங்கே மட்டும் இன்னும் கோடு போடவில்லை. பிறகு போட்டுக்கொள்ளலாம்.

செப்டம்பர் 27, சனி

வேகம் எனக்கே ஆச்சரியம். கலாமணி அக்கா கம்பெனித் தையல் லைன் போலவே ஆள் பிரித்துவிட்டார். ஒரு குழு குழி, அடுத்தது கம்பி, அடுத்தது காங்கிரீட். ஒரு வீட்டு வேலை கையை விட்டுப் போனதும் அடுத்தது வந்து நிற்கிறது. அமர்த்திய கொத்தனார் இரண்டு பேரும் இவர்களோடு ஓட முடியாமல் மூச்சு வாங்குகிறார்கள்.

மூன்றாம் வீட்டு அடித்தளச் சுவரில் சிவப்பு அம்புக்குறி ஒட்டிய செங்கல் ஒன்று. யார் வேலை என்று கேட்க வேண்டியதில்லை.

"இது என்னங்க?"

"கோணலா இருக்குது சார்."

மட்டக்கோல் வைத்துப் பார்த்தேன். நான்கு மில்லிமீட்டர்.

"இதெல்லாம் பூச்சுல மறைஞ்சுடும்."

"மறைஞ்சுடும்னா கோணல் இல்லன்னு ஆயிருமா?"

அதைப் பிரித்துக் கட்டும்படி கொத்தனாரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

அக்டோபர் 9, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்பது வீட்டு அஸ்திவாரமும் முடிந்தது. பத்தாம் வீட்டுக்காகச் செங்கல் குவியலை நகர்த்தினோம். சங்கவி கழுத்தில் தொங்கும் இன்ச் டேப்பை எடுத்துத் தன் வீட்டு இடத்தை அளந்தாள். இன்னொரு முறை அளந்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"சார், எங்க வீட்டக் காணோம்."

நான் ஸ்டீல் டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். மிச்சம் இருந்தது ஆறடி ஒன்பது இன்ச். இருக்க வேண்டியது பன்னிரண்டு அடி.

முதல் வீட்டை அளந்தேன். பன்னிரண்டு அடி ஏழு இன்ச். இரண்டாம் வீடும் அதேதான். ஒன்பது வீடும் பன்னிரண்டு அடி ஏழு இன்ச். நீளத்திலும் கூடுதல். அந்தப் பக்கம் பின்னால் இடம் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. ஒரே அளவில், ஒரே மாதிரி, ஒன்பது முறை பிழை.

மாகாளியப்பன் அண்ணன் சாந்துக் கையோடு வந்து நின்றார்.

"சுருக்கம் வுட்டிருக்கேனுங்க தம்பி."

"என்ன விட்டீங்க?"

"சுருங்கும்னு நீங்கதானுங்க சொன்னீங்க. காட்டன் துணிக்கு அஞ்சு பர்சென்ட் வுடுவோம். பன்னெண்டு அடிக்கு ஏழு இன்ச்சு. தண்ணி ஊத்தி ஊத்திக் காஞ்சா சரியாப் பன்னெண்டுக்கு வந்துரும்னு நெனச்சேனுங்க. இருவத்தஞ்சு வருசமா சுருக்கம் வுடாம நான் ஒரு பீஸும் வெட்டுனதில்லீங்க."

"கடைசில இடம் பத்தாதுன்னு தெரியலையா?"

"எல்லாம் சுருங்குனா இடம் வந்துருமுங்களே."

காங்கிரீட் பன்னிரண்டு அடிக்கு ஒரு மில்லிமீட்டர் சொச்சம் சுருங்கும். அவர் விட்டது நூற்றெழுபது மில்லிமீட்டருக்கு மேல். கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை எழுத வேண்டிய அவசியமில்லை. அவர் தலை குனிந்தே நின்றார். சங்கவியின் அம்மா செங்கல் மேல் உட்கார்ந்து, ஆறடி ஒன்பது இன்ச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சங்கவி ஒன்றுதான் கேட்டாள்.

"மார்க்கிங் அன்னிக்கு நீங்க எங்க சார் இருந்தீங்க?"

கோவையில் இருந்தேன் என்றேன். எதற்குப் போனேன் என்று அவள் கேட்கவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

சாப்பாடு வந்தது. சாப்பிடவில்லை.

ஒன்பது அஸ்திவாரத்தையும் உடைக்க முடியாது. அவ்வளவு சிமென்ட்டுக்கும் கம்பிக்கும் வழி இல்லை, நாளும் இல்லை. ஆறடி ஒன்பது இன்ச்சில் வீடு கட்ட முடியாது. பத்துக் குடும்பத்தில் ஒரு குடும்பம் ஜனவரி முடிவில் தெருவில் நிற்கும். அது எந்தக் குடும்பம் என்பதும் தெரியும்.

ஆதாரம் வேண்டும் என்றுதான் இந்த டைரியை ஆரம்பித்தேன். இன்று உட்கார்ந்து பின்னால் புரட்டிப் படித்தேன். ஆதாரம் எல்லாம் இருக்கிறது. ஒன்றுகூட என் பக்கம் இல்லை.

அக்டோபர் 11, சனி

காலை ஏழு மணிக்கு சைட்டில் எல்லோரையும் கூப்பிட்டேன். டைரியைத் திறந்து செப்டம்பர் 7, 11, 12 மூன்று நாளையும் சத்தமாகப் படித்தேன். "சொன்னா உங்களுக்குப் புரியாதுங்ணா" என்ற வரியை மட்டும் கொஞ்சம் வேகமாகப் படித்தேன். கோவை போனது வேறு கம்பெனி இன்டர்வியூவுக்கு என்று சொன்னேன். மறுநாள் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, டேப் வைத்து அளக்கவில்லை என்றும் சொன்னேன். கேட்டவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது. தப்பு மாகாளியப்பன் அண்ணனுடையது இல்லை, என்னுடையது.

கலாமணி அக்கா கையை நீட்டி டைரியை வாங்கினார். மரியாதையாக வாங்கிப் பார்க்கிறார் என்று நினைத்தேன். இரண்டு பக்கம் பின்னால் புரட்டினார்.

"உயரம் சுமார் ஐந்தடி மூன்று," என்று உரக்கப் படித்தார். "அட சாமி, நெலத்தத் தவுத்து மத்த எல்லாத்தயும் சரியா அளந்திருக்கறாரு!"

கூட்டமே சிரித்தது. மாகாளியப்பன் அண்ணன்கூடச் சிரித்தார். சங்கவி சிரிக்கவில்லை. "அஞ்சடி நாலு" என்று திருத்தினாள்.

பூமி பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூளை ஓடத் தொடங்கியது. அஸ்திவாரம். சண்டை போட்டு வாங்கிய அஸ்திவாரம். அது ஒரு மாடி தாங்கும்.

பத்தாம் வீடு தரையில் இல்லாவிட்டால் என்ன? ஒன்பதாம் வீட்டின் தலையில் ஏற்றலாம். மிச்சமிருக்கும் ஆறடி ஒன்பது இன்ச்சில் மூன்றடிக்கு மாடிப்படி. பத்தாவது அஸ்திவாரத்துக்கு வைத்திருந்த கம்பியும் சிமென்ட்டும் படிக்குச் சரியாக வரும். மணலில் குச்சியால் வரைந்து காட்டினேன்.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். சங்கவி மட்டும் அம்மாவின் முழங்காலைப் பார்த்தாள்.

நான் அதை நினைக்கவே இல்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

காலையிலிருந்து மாடி வீட்டுக்கு யார் போவது என்று பேச்சு. யாராவது ஒருவர் தரை வீட்டை சங்கவிக்குக் கொடுத்துவிட்டு மேலே போக வேண்டும். யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று நினைத்து, மாடி வீட்டின் நன்மைகளைச் சொன்னேன். காற்று வரும். தலைக்கு மேல் ஆள் நடக்க மாட்டார்கள். பக்கத்து எட்டாம் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போடலாம். ஏரி தெரியும்.

பிறகு கலாமணி அக்கா சொன்னார்:

"பொறந்ததுல இருந்து நான் மாடிப்படி ஏறுனது கம்பெனில மட்டுந்தான். சொந்த மாடி ஒண்ணு ஏறோணும். எனக்கு வேணும்."

"ஏனுங்க்கா, உங்களுக்கு மட்டுந்தானா ஆச?" என்றார் ஒருவர். "ஏரிக் காத்துன்னா எனக்கும் வேணும்" என்றார் இன்னொருவர். பத்து நிமிடத்தில் நிலைமை தலைகீழ். யாருக்கும் வேண்டாத வீட்டுக்கு ஒன்பது குடும்பமும் சண்டை. ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தன் பெயரைச் சிபாரிசு செய்யும்படி டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். சிபாரிசு செய்யவில்லை.

மறுபடி சீட்டு. சங்கவியின் அம்மாதான் எடுத்தார். பிரித்துப் படித்ததும் கூட்டம் கூச்சல் போட்டது.

மாகாளியப்பன்.

"அநியாயத்தப் பாருங்க!" கலாமணி அக்காவுக்குத் தாங்கவில்லை. "ஏழு இன்ச்சு சுருக்கம் வுட்டு ஊரையே அழ வச்ச ஆளுக்கு மாடி வீடு!"

மாகாளியப்பன் அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்து அருகில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய முதல் வீடு, ரோட்டோர வீடு, சங்கவிக்கும் அவள் அம்மாவுக்கும்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அம்மாவைப் பார்க்கக் காங்கயம் போனேன். வேலை போனது அம்மாவுக்கு ஜூன் மாதமே தெரியுமாம்.

நவம்பர் 15, சனி

நாலு நாள் மழை. நனைந்துகொண்டே சுவர் எழுப்பினார்கள். மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து ஜன்னல்கள் பழைய விலைக்குக் கிடைத்தன. கூடவே கட்டிங் டேபிள் பலகைகளும். கூரைக் காங்கிரீட்டுக்கு அடிப்பலகையாகப் போட அவை அற்புதம். மாகாளியப்பன் அண்ணன் ஒரு பலகையைத் தடவிப் பார்த்து, "இதுல நான் வேல செஞ்சிருக்கேனுங்க" என்றார். அந்தப் பலகையைத் தன் வீட்டுக் கூரைக்கு வரும்படி பார்த்துக்கொண்டார்.

அம்புக்குறிகள் இந்த வாரம்: பதினொன்று. அதில் சரியானவை: பதினொன்று.

டிசம்பர் 6, சனி

மாடி வீட்டுக் கூரை போட்டாயிற்று. படி நெடுகப் பெண்கள் வரிசையாக நின்று காங்கிரீட் சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்பினார்கள். யாரோ பாட, மற்றவர்கள் எதிர்ப்பாட்டுப் பாட, ஒரு சட்டிகூடக் கீழே விழவில்லை. பத்து மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடிந்தது. நான் பார்த்த எந்த சைட்டிலும் இப்படி ஒரு வேலை நடந்ததில்லை. (இதை அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் கலாமணி அக்கா சம்பளம் கேட்பார்.)

டிசம்பர் 11, வியாழன்

கோவை கம்பெனியிலிருந்து போன். வேலை உறுதி, திங்கட்கிழமையே சேர வேண்டும். பிப்ரவரியில் சேர்கிறேன் என்றேன். முடியாது என்றார்கள். சரி, வேண்டாம் என்றேன்.

காரணம்: மாடி வீட்டுக் காங்கிரீட் முழு வலுவுக்கு வர இருபத்தெட்டு நாள் வேண்டும், இன்னும் ஆகவில்லை. முழுக்க முழுக்கத் தொழில்நுட்பக் காரணம்.

ஜனவரி 9, வெள்ளி

வீட்டுத் திட்ட ஓவர்சியர் வந்து அளந்தார். பத்து வீடும் இருக்கிறதா என்று எண்ணினார். ஒன்பது வரை எண்ணிவிட்டு என்னைப் பார்த்தார். நான் விரலை மேலே காட்டினேன். ஏறிப் போய்ப் பார்த்து, மேலேயே நின்று காற்று வாங்கிவிட்டு, கையெழுத்துப் போட்டார்.

முதல் வீட்டில் சங்கவியின் அம்மா கட்டிலையும் பீரோவையும் போட்டுப் பார்த்தார். கட்டில் போட்ட பிறகும் பீரோக் கதவு முழுதாகத் திறக்கிறது. என் பிளான்படி கட்டியிருந்தால் முட்டியிருக்கும். ஏழு இன்ச். மாகாளியப்பன் அண்ணனிடம் இதை ஒப்புக்கொண்டேன். "துணின்னாலும் வீடுன்னாலும் கொஞ்சம் லூசா இருந்தாத்தானுங்க ஒடம்புக்கு நல்லது" என்றார்.

ஜனவரி 23, வெள்ளி

பால் காய்ச்சினார்கள். பத்து வீட்டிலும் ஒரே நேரத்தில். மாடி வீட்டுப் பால்தான் முதலில் பொங்கியது. அதற்கும் கலாமணி அக்கா சண்டை போட்டார். பிறகு அவர்தான் அந்தப் படியில் ஏழு முறை ஏறி இறங்கினார். ஏன் என்று கேட்டதற்கு "பதம் பாக்கறேன்" என்றார்.

அம்மா வந்திருந்தார். சங்கவியின் அம்மாவோடு முதல் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் மதியம்வரை எழுந்திருக்கவில்லை. என்ன பேசினார்கள் என்று தெரியாது. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நிறுத்தினார்கள்.

சாப்பாடு முடிந்ததும் கலாமணி அக்கா என்னைப் படிக்குக் கீழே கூட்டிப்போனார். படிக்கு அடியிலும் பக்கத்திலுமாக மிஞ்சிய இடத்தில் சின்னதாக ஓர் அறை எடுத்திருந்தோம், சைக்கிள் விட என்று சொல்லித்தான் என்னைக் கட்ட வைத்தார்கள். இப்போது உள்ளே ஒரு மேசை, ஒரு நாற்காலி. கட்டிங் டேபிள் பலகையில் செய்த மேசை. கதவுக்கு மேலே போர்டு: "நவநீதன், பி.இ. எளிய வீடுகள் கட்டித் தரப்படும்."

"இன்னும் ரெண்டு கம்பெனிப் பொம்பளைக கேட்டுட்டு இருக்கறாங்க தம்பி. அவங்களும் லைன் வீட்டக் காலி பண்ணோணுமாம். நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லீருக்கேன்."

"வாடகை எவ்வளவுங்க்கா?"

"வாடக ஒண்ணும் வேண்டாம். மார்க்கிங் அன்னிக்கு ஊருக்குப் போகாம இருந்தாப் போதும்."

எல்லோரும் போன பிறகு டேப் வைத்து அளந்தேன். சுவர் முதல் சுவர்வரை, படியையும் சேர்த்து, ஆறடி ஒன்பது இன்ச். மாகாளியப்பன் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்தீங்களாண்ணா, சுருங்கல." அவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "இன்னொரு மழ போகட்டுமுங்க தம்பி" என்றார்.

புது நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருந்தேன். சங்கவி வந்தாள். கதவை ஆட்டிப் பார்த்தாள், ஜன்னலை மூடிப் பார்த்தாள், மேசையைத் தட்டிப் பார்த்தாள். எங்கேயும் எதுவும் ஒட்டவில்லை. போகும்போது என் சட்டைப் பையில் ஒரு சிவப்பு அம்புக்குறியை ஒட்டினாள்.

"இது எதுக்குங்க? என்ன குறை?"

"நேர்ல சொல்ல வேண்டியதயெல்லாம் நோட்டுல எழுதறது."

இப்போது முதல் வீட்டு வாசலில் நிற்கிறாள். எங்கள் இரண்டு அம்மாக்களும் உள்ளே போய்விட்டார்கள். வேண்டுமென்றேதான் போயிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

சைட் வேலை முடிந்தது. பேனாவை மூடுகிறேன். மிச்சத்தை நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.